எல்லை ஓடையில் விட்ட குட்டிகள்

நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் எனக்குப் பின் மருத்துவிச்சியாகச் சேர்ந்திருக்கும் பெண் சென்ற மாதம் ஹல்துமுல்லைக்கு என்னைப் பார்க்க வந்திருந்தாள். வேலை பிடித்திருக்கிறது, ஒன்று மட்டும் விளங்கவில்லை என்றாள். தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைக் காம்பரா என்ற அறையில் விடும் ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் தினம் காலையில் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது நான் ஏற்படுத்திவிட்டு வந்த வழக்கம். தாய்மார் அதைக் கேலி செய்கிறார்களாம். பெண் பார்க்க வந்தவள் மாதிரிப் பார்க்கிறாயே என்கிறார்களாம். எதற்கு இந்த வழக்கம் என்று கேட்டாள். வாயால் சொல்லத் தொடங்கினேன். எல்லை ஓடை வரை வந்ததும் நிறுத்திவிட்டேன். அவளுக்காகவும், மற்றத் தோட்டங்களில் அவளைப் போல இருப்பவர்களுக்காகவும் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவளின் அனுபவம் என்று இதைச் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. கல்யாணம் முடிந்த பெண்ணை அந்த உத்தியோகத்தில் வைத்திருப்பதில்லை, அதனால் விலகினேன். என்றாலும் நான் பார்த்தது முழு வேலை. என் அப்பா லுணுகலைப் பக்கத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். அம்மா கொழுந்தெடுத்தவர். எங்கள் குடும்பத்தில் தன் பெயரைத் தானே எழுதிய முதல் ஆள் நான். பதுளை மிஷன் பள்ளியில் படித்ததும், ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றதும், அங்கே என்னைத் தரையில் உட்காரச் சொன்ன தாதிக்கு நான் நின்றபடியே பதில் சொன்னதும் தனிக் கதை. அதை இங்கே சொல்லப்போவதில்லை.

தோட்டத்து மருந்துக் காம்பராவுக்குப் பொறுப்பாக இருந்தவர் டிஸ்பென்சர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் சனங்கள் அவரை டாக்டரையா என்பார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் எப்போதும் மருந்து கொடுப்பார். ஆனால் கெட்ட செய்தி சொல்லப் போகும்போது மட்டும் ஆணியில் தொங்கும் கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டு, எல்லாப் பொத்தானையும் பூட்டிக்கொள்வார். எவ்வளவு வெயிலானாலும் அப்படித்தான். அவர் கை ஆணிப் பக்கம் போவதைக் கண்டால் வரிசையில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'பிள்ளை' என்பார். பயிற்சி பெற்று வந்தவளைப் பிள்ளை என்கிறாரே என்று முதலில் எனக்குக் கோபம். துரை வீட்டுச் சமையல்காரனுக்கு முன்னால் நான் மருந்துப் போத்தலை ஏந்தி நின்றபோதும் அவர் 'நீர்' என்பதை 'நீ' ஆக்கவில்லை என்பதைக் கவனித்த பிறகு கோபம் போயிற்று.

நாய்க்கடிக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். "காயத்தைப் பாக்கிறதுக்கு முன்னம் நாயைக் கேக்க வேணும், பிள்ளை," என்பார். "நாய் இருக்கோ, செத்ததோ, காணாமல் போச்சோ? அதை அறிஞ்சால்தான் மிச்சம்." பிறகு சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாகக் காயத்தைக் கழுவ வேண்டும். கழுவுகிறவர் விரல்நுனி சுருங்கும் வரை கழுவ வேண்டும். அதன் பின் கண்ணாடிக் குச்சியின் முனையில் காபோலிக் அமிலம் எடுத்து, பல் இறங்கிய ஆழம் வரை தொட வேண்டும். கடித்த நாயைக் கொல்லக்கூடாது. சங்கிலியில் கட்டிச் சோறும் தண்ணீரும் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து நாள் ஒழுங்காகத் தின்று குடித்தால் பயமில்லை. செத்தாலோ வெறி பிடித்தாலோ, கடிபட்டவரைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே வயிற்றில் நாள்தோறும் ஊசி போடுவார்கள். நோய் தலைகாட்டுமுன் போட்டால் பிழைக்கலாம். தலைகாட்டிய பிறகு உலகத்தில் மருந்து இல்லை.

அந்தத் தோட்டத்தில் நாய்களுக்குக் குறைவே இல்லை. லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி வைத்திருப்பவர்களுக்குப் பன்றியையும் முள்ளம்பன்றியையும் துரத்த நாய் வேண்டும். நாய் வைத்தால் குட்டி வரும். விறகுக் கட்டுக்குள், கோழிக் கூட்டுக்கடியில், முன்தாழ்வாரமான இஸ்தோப்பின் ஒழுகும் மூலையில் என்று எங்கே பார்த்தாலும் ஈன்று கிடக்கும். மனிதருக்கே அளந்த அரிசி; குட்டிகளுக்கு யார் போடுவது? ஆனால் யாரும் கொல்லமாட்டார்கள். பைரவர் வாகனம், பாவம் சுற்றும் என்பார்கள். அதற்கு அவர்களிடம் ஒரு வழி இருந்தது. 'எல்லைக்கு விடுறது' என்று பெயர். குட்டிகள் நடக்கத் தொடங்கியதும் பெட்டைகளைப் பொறுக்கி, கிழிந்த கொழுந்துக் கூடையில் ஒரு பிடி சோற்றோடு வைத்து, எல்லை ஓடைக்கு அந்தக் கரையில், அடுத்த தோட்டத்து மண்ணில் வைத்துவிட்டு வருவார்கள். திரும்பிப் பார்க்கக்கூடாது. அடுத்த தோட்டத்தாரும் கடல் கடந்து எங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த சனங்கள்தானே; அவர்களுக்கும் அதே வழக்கம். அவர்கள் குட்டிகள் இந்தக் கரைக்கு வரும். ஓடைப் பள்ளத்தில் நரிகள் உண்டு. பெரும்பாலான குட்டிகளின் கணக்கை நரிகள் முடித்தன. யாருடைய கையிலும் பாவம் ஒட்டவில்லை.

தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் வழி வேறு. ஒரு லயத்தில் நாய் கடித்தது என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் சொல்லப்பட்டால் அந்த லயத்து நாய்கள் அத்தனையும் சுடப்படும். நான் வந்த ஆண்டு ஒரு தடவை அது நடந்தது. கடித்தது ஒரு நாய். சுட்டது ஒரு லயத்து நாய்களை. பிள்ளைகள் இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் பாத்திகளைப் பன்றி உழுதுவிட்டுப் போனது. அதன் பிறகு யாரையும் நாய் கடித்ததாக மருந்துக் காம்பராவுக்கு ஒரு சொல் வரவில்லை. கடியே இல்லாத தோட்டமாகிவிட்டது என்று துரை மகிழ்ந்தார்.

கச்சான் காற்று அடிக்கும் காலம். பிள்ளைக் காம்பராவில் சொறி பார்க்கப் போயிருந்தேன். பாக்கியம் என்ற சிறுமி என்னிடம் கையை நீட்டினாள். முகத்தை மட்டும் தோளுக்குள் புதைத்துக்கொண்டாள். மெதுவாகத் திருப்பினேன். உதட்டோரத்தில் ஒரு வடு. ஆறியிருந்தது. அதைச் சுற்றித் தோல் வெந்து வெளுத்திருந்தது. நாய்க்கடிக்கு லயத்தில் வைக்கும் சுண்ணாம்பு பட்ட இடம் அப்படித்தான் வேகும். என்ன கடித்தது என்று கேட்டேன். எறும்பு என்றாள். எறும்புக்கு யார் சுண்ணாம்பு வைத்தார்கள் என்றேன். அம்மா என்றவள், உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாக்கியத்தின் தாய் காளியம்மா, கொழுந்தெடுப்பவர். புருஷன் செத்துப் பிள்ளையோடு தனியாக இருந்தவர். கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும் வழியில் மறித்துக் கேட்டேன். கூடை கிழித்தது என்று, நிற்காமல் நடந்தபடியே சொன்னார். டாக்டரையாவிடம் போனேன். "கூடைச் சிராய்ப்புக்கு ஆர் சுண்ணாம்பு பூசுவினம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு என்னோடு லயத்துக்கு வந்தார்.

அங்கே எங்களுக்கு முன்பே முத்துக் கங்காணி நின்றிருந்தார். அந்த லயத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி அவர்தான். பெரிய பாத்தியும் அவருடையதுதான்.

"என்ன தாயி, நாய்க்குப் பிரசவம் பாக்க வந்தீங்களா?" என்றார் என்னைப் பார்த்து. பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள்.

இந்த லயத்தில் எத்தனை நாய் என்று டாக்டரையா கேட்டார்.

"நாயா? எங்க லயத்துல ஏதுங்க நாயி?"

அவர் முதுகுக்குப் பின்னால், கதவு சாத்திய காம்பராவுக்குள் ஒரு நாய் குரைத்தது. கங்காணி முகம் மாறவில்லை. "அது இருமலுங்க," என்றார்.

லயமே சிரித்தது. டாக்டரையா சிரிக்கவில்லை. காளியம்மாவைத் தனியே கூப்பிட்டு, கடித்தது நாய் என்றால் இப்போதே சொல், இன்னும் காலம் இருக்கிறது, கொழும்புக்கு அனுப்பினால் பிள்ளை பிழைக்கும் என்று இரண்டு முறை சொன்னார். காளியம்மா கங்காணியைப் பார்த்தார். கூடைதான் என்றார்.

துரையிடம் போனோம். நாய் எங்கே, வெறி என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டார். ஒரு தழும்பை நம்பிக் கூலியாளைக் கொழும்புக்கு அனுப்ப முடியாது என்றார். அவரும் நாயைத்தான் கேட்டார். டாக்டரையாவும் நாயைத்தான் கேட்டார். லயம் நாயே இல்லை என்றது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

நான் லயத்தில் பிறந்தவள். கொல்லவும் முடியாத, வைத்திருக்கவும் முடியாத நாயை லயத்துச் சனங்கள் என்ன செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடிந்ததும் ஓடையைக் கடந்து அடுத்த தோட்டத்துக்குப் போனேன். கரையோர மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், எங்கள் பக்கத்துக் குட்டி ஏதும் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சுங்க, ஒரு வெள்ளக் குட்டி. வாய மூட முடியாம தொங்கப் போட்டுக்கிட்டு, மண்ணத் தின்னுச்சு. கொரலும் சரியில்ல," என்றார். "அத அன்னைக்கே உங்க கரைக்குத் தூக்கியாந்து விட்டுட்டமே. கூடையோடதான் விட்டோம், சோறும் வச்சோம்."

எங்கள் கரையில், பாலத்துக் கல்லுக்கு அடியில் கூடை கிடந்தது. எறும்புகள் தங்கள் வேலையைப் பாதிக்கு மேல் முடித்திருந்தன. சோறு தொடப்படாமல் காய்ந்து கிடந்தது. குட்டியின் வாய் நிறைய மண். பற்களுக்கிடையில், அது கடித்துக் கடித்து உரித்த கூடைச் சிம்புகள். காதில் ஒரு பழைய கடித்தழும்பு. அதில் பல் பதிந்திருந்த அகலம் குட்டி நாயுடையது அல்ல, நரியுடையது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கூடையைத் தூக்கினேன். வழியில் ஒருமுறை கீழே வைத்து வாந்தி எடுத்தேன். பிறகு மருந்துக் காம்பரா வரைக்கும் நிற்கவில்லை.

டாக்டரையா குட்டியின் தாடையைத் துரைக்குக் காட்டவென்று எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்து மூடினார். பிறகு கோட்டைப் போட்டார். துரை பங்களாவுக்கு அவர் போன நேரத்தில் நான் வெறும் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்க் காளியம்மாவின் முன்னால் வைத்தேன். "இது உங்க கூடையா அக்கா?" என்றேன். கூடையின் விளிம்பில் அவர் கட்டியிருந்த சேலைக் கிழிசல் அப்படியே இருந்தது.

காளியம்மா கொழுந்தை விட்டுவிட்டுச் செடிக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். "குட்டி கடிச்சா வெசமில்ல, எல்லைக்கு விட்டுருன்னாங்க தாயி," என்றார். "சொன்னா எல்லா நாயவும் சுட்டுருவாங்க, ஒன்னால லயமே அழியும்னாங்க. நா ஒண்டிக்காரி. அவங்களப் பகைச்சுக்கிட்டு எங்க போவேன்?"

துரை கடைசியில் கொழும்புக்குப் போகக் கடிதம் கொடுத்தார். இப்போது தெமோதரையிலேயே ரயில் நிற்கிறது. அப்போது பண்டாரவளை வரை மாட்டு வண்டியில் போக வேண்டும். காளியம்மாவோடு டாக்டரையாவும் கூடவே வந்தார். கோட்டை மடித்து மடியில் வைத்திருந்தார். எல்லாம் வெளியாகிவிட்டது என்று தெரிந்ததும் பாக்கியத்துக்குப் பயம் போய்விட்டது. வண்டியில் என் மடியில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னாள். தங்கள் வீட்டு நாய் ஈன்ற குட்டிகளைக் கங்காணி எல்லைக்கு விட்ட மறுநாள் அவள் ஓடைக்குப் போயிருக்கிறாள். நரி கொண்டுபோனது போக மிஞ்சியது வெள்ளைக் குட்டி மட்டும். காதில் இரத்தம். விறகுக்குள் மறைத்துக் கொண்டுவந்து, தன் சோற்றில் பாதியைப் போட்டு வளர்த்திருக்கிறாள். தாய் கண்டும் காணாமல் இருந்திருக்கிறார். பேர் வெள்ளச்சி. முத்தம் கொடுக்கப் போனபோதுதான் கடித்தது என்றாள். அது வேண்டுமென்று கடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள். கொழும்பிலிருந்து திரும்பி வரும்போது வெள்ளச்சி வந்திருக்குமா என்று கேட்டாள். தழும்பு அரிக்கிறது என்று அவள் அடிக்கடி உதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரையா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்; ஆறிய கடி மறுபடி அரிப்பது நோய் தலைகாட்டும் அடையாளமாக இருக்கலாம்.

எல்ல என்ற ஊரின் கணவாய் ஏறும் இடத்தில், பாறையிலிருந்து மூங்கில் பீலியில் தண்ணீர் விழும். மாடுகளை நிறுத்தினார்கள். பாக்கியத்துக்குத் தாகம். காளியம்மா சிரட்டையில் தண்ணீர் பிடித்து நீட்டினார். பிள்ளை ஆசையாக வாங்கினாள். உதட்டருகே கொண்டுபோனதும் கழுத்து ஒரு பக்கமாக இழுத்தது. சிரட்டை கைதவறி விழுந்தது. மறுபடியும் கொடுத்தார். இம்முறை தண்ணீரைப் பார்த்த உடனேயே இழுத்தது. பீலியின் சத்தம் கேட்கும் பக்கம் திரும்பாமல் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

டாக்டரையா வண்டியிலிருந்து இறங்கினார். மடித்து வைத்திருந்த கோட்டை விரித்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்களைப் பூட்டினார். "இனிக் கொழும்பு வேண்டாம்," என்றார். "வீட்டை கொண்டு போவம்."

காளியம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டார். அன்றே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்றுதான் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

"இல்லை," என்றார் டாக்டரையா. "முகத்திலை பட்ட கடி. அண்டைக்கே வந்திருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாது. நீ மனசைப் போட்டு அலட்டாதை."

அது உண்மையல்ல என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் வண்டிக்காரரிடம் மாட்டைத் திருப்பச் சொன்னேன்.

மருந்துக் காம்பராவின் பின்னறையில் சன்னலைச் சாக்கால் மூடி, தண்ணீர்ச் சத்தம் கேட்காதபடி வாளிகளை அகற்றி, தூக்க மருந்து கொடுத்து வைத்திருந்தோம். காற்றுப் பட்டாலே உடம்பு விறைத்தது. "கதவச் சாத்துங்க, காத்து குத்துது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தித்தான் இருந்தது. கச்சான் கூரைத் தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. எச்சிலையும் விழுங்க முடியவில்லை. நடுநடுவே தெளிவு வரும். அப்போது தாயைப் பக்கத்தில் வரவேண்டாம் என்பாள், கடித்துவிடுவேனோ என்று பயம். இரண்டாம் நாள் மாலையில் அடங்கிவிட்டாள். நான் அவள் முகத்தைக் கழுவினேன்.

அந்த லயத்து நாய்களில் வெள்ளச்சியோடு ஒட்டிப் பழகியவை எல்லாம் சுடப்பட்டன. காளியம்மாவின் நாய் முதலில். தோட்டத்து நாய்கள் அத்தனையையும் சுட வேண்டும் என்று துரை நின்றார். டாக்டரையா கோட்டோடு பங்களாவுக்கு நாலு நடை நடந்து, வேறொரு ஏற்பாட்டுக்குச் சம்மதம் வாங்கினார். இனி எல்லைக்கு விடக்கூடாது. குட்டிகளைக் கண் திறக்குமுன் மருந்துக் காம்பராவுக்குக் கொண்டுவர வேண்டும். தாய்க்குப் பால் கட்டாமல் ஒரு குட்டியை, அதுவும் கடுவனாகப் பார்த்து, விட்டுவிட வேண்டும். மற்றவற்றை முடிக்கும் வேலை என்னுடையது. கடி என்று வந்து சொன்னவரின் லயத்து நாயைச் சுடுவதில்லை என்பதும் அந்த ஏற்பாட்டில் அடங்கும்.

லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். ஒருவரும் வரவில்லை. குழந்தை எடுக்கும் கையால் குட்டி கொல்லப் போகிறவளைப் பிரசவத்துக்குக் கூப்பிடலாமா என்று பேச்சு எழுந்தது. இரண்டு பெண்கள் என்னை அழைக்காமலே பெற்றார்கள். அதில் ஒரு குழந்தை இறந்தது. எனக்கு அந்த வேலையை உதறிவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தது. படித்தவள் பயந்து ஓடிவிட்டாள் என்று சொல்வார்களே என்ற ஒரே காரணத்துக்காக இருந்தேன்.

மழை தொடங்கிய பிறகு ஒரு காலை, காளியம்மா வந்தார். இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கை மூட்டையாகப் பிடித்திருந்தார். அதற்குள் அசைந்தது. முத்துக் கங்காணியின் நாய் ஈன்ற குட்டிகள். சுடப்படாமல் அவர் எங்கேயோ ஒளித்து வைத்திருந்த நாய் அது. அவர் இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்து வந்ததாகக் காளியம்மா சொன்னார். என்ன சொன்னார் கங்காணி என்று கேட்டேன். காலை மட்டும் ஒதுக்கிக்கொண்டார் என்றார்.

அன்றுதான் நான் அந்த வேலையை முதல் தடவை செய்தேன். மூடியுள்ள தகர டப்பாவில் பஞ்சு; பஞ்சில் குளோரோபோம். குட்டியை உள்ளே வைத்து மூடி, கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அசைவு நின்ற பிறகும் அவசரப்பட்டுத் திறக்கக்கூடாது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் சிலது விழித்துக்கொள்ளும். காளியம்மாவை வெளியே இருக்கச் சொன்னேன். அவர் போகவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

பாதி முடிந்தபோது கேட்டார். "அன்னைக்குப் பீலிகிட்ட டாக்டரையா சொன்னது நெசமா தாயி? அன்னைக்கே நா சொல்லியிருந்தாலும் எம்புள்ள பொழைச்சிருக்காதா?"

டாக்டரையா அடுத்த அறையில் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார். அரைக்கும் சத்தம் நின்றது.

"பொழைச்சிருக்கலாம் அக்கா," என்றேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா பொழைச்சிருக்கலாம்."

அவர் அழவில்லை. படங்குக்குள் கைவிட்டு அடுத்த குட்டியை எடுத்தார். அதன் மூடிய கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "லயத்துல அப்புடியே சொல்லுங்க. யாரோ ஒருத்தின்னு சொல்லாதீங்க, அது சும்மா கதையாப் போயிரும். காளியம்மா வாய மூடிக்கிட்டா, புள்ள செத்துருச்சுன்னு எம்பேரச் சொல்லியே சொல்லுங்க."

குட்டியை என் கையில் கொடுத்தார்.

நான் வேலையிலிருந்த காலம் முழுவதும் ஒவ்வொரு லயத்திலும் அப்படியே சொன்னேன். கடிபட்ட பிள்ளைகள் அன்றன்றே வந்தார்கள். மூன்று பேர் கொழும்புக்குப் போய்த் திரும்பினார்கள். இதை எழுத உட்கார்ந்தபோது, மற்றவர்களின் பெயரையெல்லாம் மாற்றிவிட்டேன். காளியம்மா என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை.